நாலு பக்கமும் பன்னிரண்டு அடி

உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகும் ரோட்டோரம் ஒரு ஓட்டு வீடு இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது அந்தப் பக்கத்து ஜன்னலோரம் நான் உட்காருவதில்லை. அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன் அந்த வீட்டுக்குக் கயிறு கட்டி முளை அடித்தது நான்தான்.

வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. கூடத்தில் பாய் விரித்தால் தெரியும். பாயின் தலைமாட்டுப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் போட்டால், பக்கவாட்டுச் சுவரைத் தலைமாட்டில் தொடும் பாய், கால்மாட்டுக்கு வரும்போது நாலு விரல் விலகி நிற்கும். திருப்பிப் போட்டாலும் அப்படித்தான். அந்த வீட்டில் எந்தப் பாயும் நேராகக் கிடக்காது.

நான் ஐந்தாவது வரை படித்தவன். படிப்பு ஏறாமல் போனதற்குக் காரணம் அறிவு இல்லாததா, கூச்சமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. புரியவில்லை என்று எழுந்து சொல்ல வேண்டுமே, அது என்னால் ஆகாது. கல்யாணப் பந்தியில் சாம்பார் வேண்டும் என்று கேட்க மாட்டேன்; வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். கொத்தனார் வேலைக்கு வந்தது, அது வாயால் செய்யும் வேலை இல்லை என்பதால்.

எனக்குக் கல்யாணம் ஆன வருஷம். எழுபதுகளின் நடுவில். எங்கள் மேஸ்திரி ஒரே சமயத்தில் இரண்டு வேலை எடுத்திருந்தார், ஒன்று மாகறலில், ஒன்று இந்த வீடு. முளை அடிக்கிற நாளுக்கு முந்தின சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

“நாளிக்கு திங்கக்கெழமை. ஏயரைக்கு ராகுகாலம் பொறந்துடும். அதுக்குள்ள முளைய அடிச்சிடணும். நான் வந்துடுவேன். வராட்டி நீயே அடிச்சிடு.”

அதுவரை நான் சுவர் வைத்திருக்கிறேனே தவிர, வீட்டுக்குக் கயிறு கட்டினதில்லை. எப்படி என்று அப்போதே கேட்டிருக்கலாம். “சரிண்ணா” என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் மேஸ்திரி வரவில்லை. பூசை முடிந்து, ஈசானிய மூலையில் தேங்காய் உடைத்து, நாலு முளைக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்காரர், அவர் மனைவி, பங்காளிகள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி நின்றார்கள். அத்தனை பேரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுத்தியலைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தேன்.

என்னோடு வந்தது ஒரு சித்தாள். காலனியிலிருந்து வருகிற அம்மா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கணவர் ஏர் ஓட்டியவர், மாடு முட்டி இடுப்பு போய் வீட்டோடு கிடந்தார். இரண்டு பிள்ளைகள். எங்கள் மேஸ்திரியிடம் வருவதற்கு முன்னால் செங்கல்பட்டுப் பக்கம் பெரிய கட்டடங்களில் வேலை பார்த்திருந்ததால் எந்த வேலை எதற்குப் பிறகு வரும் என்று அவருக்கு அத்துப்படி. நான் கரண்டிக்குக் கை நீட்டுவதற்குள் சாந்துப் பாண்டுச் சட்டி பக்கத்தில் வந்துவிடும்.

அவர் முளையைப் பிடிக்கக் குனிந்தபோது வீட்டுக்காரர் சத்தம் போட்டார்.

“தே! நீ அந்தாண்ட போ. மஞ்ச முளைல கை வெக்காத.”

அந்த அம்மா கயிற்று உருண்டையைக் கீழே வைத்துவிட்டு, மண் குவித்திருந்த இடத்துக்கு அப்பால் போய் நின்றார். முளையைப் பங்காளிப் பையன் ஒருவன் பிடித்தான். நான் அடித்தேன்.

கூடம்தான் வீட்டுக்கு நடு. அது பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. அதை வைத்துத்தான் மற்ற அறைகளுக்குக் கயிறு நீளும். பன்னிரண்டு அடியில் முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று வைத்திருந்தேன். முதல் முளையிலிருந்து இரண்டாவதுக்குப் பிடித்தேன். சரி. இரண்டிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து நாலு, நாலிலிருந்து ஒன்று. நாலும் முடிச்சில் வந்து நின்றது. எனக்கு மனசுக்குள் ஒரு சந்தோஷம்.

அப்போது மண் குவியலுக்கு அந்தப் பக்கமிருந்து மெல்லக் குரல் வந்தது.

“கொத்தனாரே, மூலைக்கு மூல கயிறு போட்டுப் பாக்கலியா?”

எனக்குக் கேட்டது. பங்காளிகளில் ஒருவருக்கும் கேட்டுவிட்டது.

“தோ பார்றா! சித்தாளு வாத்தியார் வேல பாக்குது. கொத்தனாரே, கைய கட்டிக்கினு நில்லு, பாடம் நடத்தப் போவுது.”

எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி குறுக்கே கயிறு பிடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஏன் பிடிக்கிறார் என்று கேட்டதில்லை. இப்போது பிடித்துப் பார்த்து, வித்தியாசம் வந்தால் மஞ்சள் முளையைப் பிடுங்க வேண்டும். பூசை போட்ட முளையைப் பிடுங்கு என்று பத்துப் பேர் முன்னால் யார் சொல்வது? மணி ஏழேகால் ஆகியிருந்தது.

“நாலும் சமமா கீது. அப்புறம் இன்னாத்துக்கு குறுக்க?” என்றேன், அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்காமல்.

பத்து மணிக்கு மேஸ்திரி சைக்கிளில் வந்தார். ஒரு காலைத் தரையில் ஊன்றியபடியே, “நாலும் பாத்தியா?” என்றார். “பாத்தேண்ணா” என்றேன். அது பொய் இல்லை. கடைக்கால் தோண்ட ஆரம்பித்தார்கள்.

சுவர் எழும்பும்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூலையில் ‘ட’ மாதிரி இருக்கும் மரமட்டத்தை வைத்தால் ஒரு பக்கம் ஒட்டும், மறுபக்கம் மெல்லிய இடுக்கு விழும். மட்டம் மழையில் நனைந்து இணைப்பு விட்டுப்போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த மூலையில் இடுக்கு மாறி விழுந்தது. அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். இடுக்கில் சாந்து போட்டு மூடினால் தெரியாது.

வீடு முடிந்து தரை போடும் நாள் வந்தது. அந்தக் காலத்தில் கொஞ்சம் வசதி உள்ளவர்கள் சிமெண்டில் ரெட்டாக்சைடு கலந்து சிவப்புத் தரை போடுவார்கள். தரை ஈரமாக இருக்கும்போதே நூலை இழுத்து அழுத்திக் கோடு போட்டு, ஓரத்தில் ஒரு பார்டர், நடுவில் ஒரு டைமண்டு வரைவார்கள். அதற்கென்று காஞ்சிபுரத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். வாயாடி. வெற்றிலை மென்றுகொண்டே வேலை செய்வார்.

கூடத்தின் நடுவைக் கண்டுபிடிக்க மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நூல் கட்டினார். அதே நூலை அவிழ்த்து மற்ற இரண்டு மூலைக்குக் கட்டினார். ஒரு சாண் நூல் மிச்சமாகத் தொங்கியது. மறுபடி கட்டினார். மறுபடி ஒரு சாண். பிறகு சுவர்களை அளந்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சிரித்தார்.

“யாருய்யா இதுக்குக் கவுறு கட்னது? நாலு பக்கமும் பன்னண்டு பன்னண்டு, குண்டுமணி அளவு கொறையல. ஆனா வூடு ஒரு பக்கமா ஒயிலா சாஞ்சிக்கினு கீது. நான் எப்டி டைமண்டு போட்டாலும் அது தூக்கம் வந்த டைமண்டாத்தான் தெரியும்.”

வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. கோண மனை குடித்தனத்துக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அவர் முகம் கறுத்துவிட்டது. மேஸ்திரியைப் பார்த்து, “இன்னாய்யா இது? புள்ள குட்டிங்க பொழங்கற வூடுய்யா!” என்று கத்தினார்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாசலில் மணல் சலித்துக்கொண்டிருந்த அந்த அம்மாவின் பக்கம் திரும்பினார்.

“முளை அடிக்க சொல்ல நீதான நின்னுக்கினு இருந்த? கால வெச்சி இடிச்சியா?”

அந்த அம்மா சல்லடையைக் கீழே வைத்தார்.

“நான் எங்க இடிக்கறது? மஞ்ச முளைல கை வெக்காத, அந்தாண்ட போன்னு இவருதான வெரட்டனாரு? மண்ணுக்கு அந்தாண்ட நின்னேன். தொடக் கூடாதுன்னு தள்ளி நிக்க வெச்சீங்க, இப்ப தொட்டு நவுத்திட்டன்றீங்க. நல்லா கீதே ஞாயம்!”

“வாய் பேசாத. அப்புறமா கவுறு சுத்தசொல்லோ கால் பட்டிருக்கும்.” மேஸ்திரி என்னிடம் திரும்பினார். “டேய், நீ சொல்லு. முளை நவுந்திருக்குமா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அம்மாவும் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை இல்லை அது. நான் நிஜத்தைச் சொல்வேன் என்று நினைத்துப் பார்த்த பார்வை.

“இருக்கும்ண்ணா” என்றேன்.

அந்த அம்மா முந்தானையை உதறிக்கொண்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு நடந்தார். மதியச் சாப்பாட்டு நேரம்கூட வரவில்லை. தூக்கு கனமாக இருந்தது, அவர் நடையில் தெரிந்தது.

அதற்குப் பிறகு எந்த மேஸ்திரியும் அவரைச் சேர்க்கவில்லை. வீட்டுக்காரர் போகிற இடமெல்லாம் சொல்லியிருந்தார். ‘முளை நவுத்தி’ என்று பேர் வைத்துவிட்டார்கள். ஊரில் யார் கடைக்கால் போட்டாலும், “முளை நவுத்தி அந்தப் பக்கம் வருதா பாரு” என்று ஒரு கேலி. நடவுக்கும் களையெடுப்புக்கும் போனார். மழை இல்லாத மாதங்களில் செங்கல் சூளைக்குப் போனார். ஒருமுறை சந்தையில் எதிரே வந்தார். நான் கயிறு விற்கிற கடைக்குப் பின்னால் போய், வேண்டாத தாம்புக்கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பத்து வருஷத்துக்கு மேல் இப்படிப் போனது. அதற்குள் நான் குறுக்குக் கயிறு பிடிக்காமல் ஒரு வீடும் கட்டினதில்லை. ஏன் பிடிக்க வேண்டும் என்று மட்டும் அப்போதும் எனக்கு முழுசாகத் தெரியாது.

என் மகள் ஏழாவது படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய காலண்டர் தாளை எடுத்து வைத்துக்கொண்டு கத்தரித்துக்கொண்டிருந்தாள். சமச்சீர்க் கோடு கண்டுபிடிக்க வேண்டுமாம். மடித்தால் இரண்டு பாதியும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்கார வேண்டும். அப்படி மடிகிற கோடு எத்தனை என்று எழுத வேண்டுமாம்.

சதுரத்தை மடித்துக் காட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் இரண்டு, மூலைக்கு மூலை இரண்டு. நாலு கோடு. செவ்வகத்துக்குப் பக்கத்துக்குப் பக்கம் மட்டும் இரண்டு. “மூலைக்கு மூலயும் வருமே” என்றேன். “மடிச்சிப் பாரு நைனா” என்று கொடுத்தாள். மடித்தேன். காது மாதிரி இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நின்றது. சாய்ந்த செவ்வகம் மாதிரி ஒன்று இருந்தது, இணைகரம் என்றாள். அது எப்படி மடித்தும் உட்காரவில்லை; அதற்கு ஒரு கோடும் இல்லை.

பிறகு இன்னொன்றைக் கையில் கொடுத்தாள். துடைப்பக் குச்சி ஒன்றை ஒடித்து அளந்தேன். நாலு பக்கமும் ஒரே குச்சி.

“இது சதுரம்தான?”

“அய்ய, நைனா! பக்கம் சமமா இருந்தா போதுமா? மூல? இது சாய்சதுரம்.”

பக்கத்துக்குப் பக்கம் மடித்தேன். உட்காரவில்லை. மூலைக்கு மூலை மடித்தேன். இரண்டு விதமாகவும் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் ஒரு மடிப்பு நீளம், ஒரு மடிப்பு குட்டை. எனக்கு அந்தக் கூடம் ஞாபகம் வந்துவிட்டது. தரைக்காரரின் நூலில் மிச்சமாகத் தொங்கிய ஒரு சாணும்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மகள் கடைசியாக ஒன்று வெட்டினாள். சதுரத்தின் ஒரு மூலையை மட்டும் வெளியே இழுத்த மாதிரி. பட்டம் என்று அதற்குப் பேராம். ஒரே ஒரு கோடுதான் மடிந்தது. நான் துடைப்பக் குச்சியை வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கத்துக்குக் குச்சி சரியாக இருந்தது. இரண்டு பக்கத்துக்குப் போதவில்லை.

குச்சியைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பட்டத்தைக் கைக்குள் மடக்கினேன். ஒரு முளை நகர்ந்தால் இதுதான் ஆகும். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அந்த முளையைத் தொடுகிற பக்கங்களில் ஒன்றின் நீளமாவது மாறிவிடும். நாலும் பன்னிரண்டாக இருக்கவே முடியாது. அன்றைக்குத் தரைக்காரர் எல்லோர் முன்னாலும் சொன்னாரே, நாலு பக்கமும் பன்னண்டு, குண்டுமணி அளவு குறையல என்று. அந்த வார்த்தையிலேயே அந்த அம்மா முளையை இடிக்கவில்லை என்பது இருந்தது. கூடத்தில் நின்ற யாரும் அதைப் பார்க்கவில்லை. கயிறு கட்டின நான் பார்த்திருக்க வேண்டும்.

“இன்னா நைனா, தாளப் போட்டு இப்டி கசக்கற?” என்று மகள் பிடுங்கிக்கொண்டாள்.

முதலில் மேஸ்திரியிடம் போனேன். அவர் வேலையை விட்டுவிட்டு, மகனின் சைக்கிள் கடையில் உட்கார்ந்திருந்தார். முளை நகர்ந்திருந்தால் பக்கம் மாறியிருக்கும் என்று திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் பீடியைத் தட்டினார்.

“அது எனக்கு அன்னிக்கே தெரியும்டா.”

பீடியை இன்னொருமுறை இழுத்தார்.

“உன்னிய அனுப்பிட்டா சொவுரு எவன் வெப்பான்? சித்தாளு தெருவுக்குப் பத்து கெடைக்கும். நீ தலையாட்டுவேன்னும் தெரியும்.” பிறகு சிரித்தார். “போய் டீ சொல்லு.”

டீ சொன்னேன். அவரோடு உட்கார்ந்து குடிக்கவும் செய்தேன்.

அடுத்த வாரம் காலனிக்குப் போனேன். அந்த அம்மா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கோடரியைக் கட்டையில் குத்தி நிறுத்தினார். உட்காரச் சொல்லவில்லை.

“இன்னா கொத்தனாரே, வயி தவறி வந்துட்டியா?”

“அன்னிக்கு முளை நவுரலக்கா. நான்தான் குறுக்க கயிறு புடிக்கல.” அக்கா என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக வாயில் வந்தது.

“இத்த சொல்றதுக்கா இத்தினி வருசம்?”

“இப்பதான் தெரிஞ்சிது...”

“எனக்குத் தெரிஞ்சத எனக்கே வந்து சொல்றியே. நானா உன்னாண்ட கேட்டேன்? எம் பேர முளை நவுத்தின்னு வெச்சவராண்ட போய் சொல்லு. எம் பொண்ணுக்குப் பாக்க வர்றவன்கூட, முளை நவுத்தி பொண்ணான்னு கேட்டுட்டுப் போறான்.”

கோடரியைப் பிடுங்கி மறுபடி விறகைப் பிளந்தார். நான் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

அந்த வீட்டுக்கும் போனேன். வீட்டுக்காரர் வெளியே போயிருந்தார். அவர் மனைவி என்னை அடையாளம் கண்டுகொண்டு, “வாய்யா, நம்ம வூட்டு கொத்தனாராச்சே” என்று கூடத்தில் உட்கார வைத்து, சொம்பில் தண்ணீர் கொடுத்தார். சிவப்புத் தரை பளபளவென்று இருந்தது. நடுவில் டைமண்டு இல்லை. தரைக்காரர் வெறும் தரையாகவே விட்டுவிட்டுப் போயிருந்தார். ஓரமாக ஒரு பாய் கிடந்தது. வீட்டுக்கார அம்மாள் பாயின் கால்மாட்டு இடைவெளியைக் காட்டினார்.

“பாத்தியா, அந்தப் பொம்பள இடிச்சது. இன்னிக்கும் பாய் போடசொல்ல எல்லாம் அவளத்தான் திட்டிக்கினு போடுவேன்.”

தண்ணீரைக் குடித்தேன். சொம்பைக் கவிழ்த்து வைத்தேன். “வரேம்மா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு வழியில் பார்க்கும்போதெல்லாம் அந்த அம்மா கேட்பார், “சொன்னியா கொத்தனாரே?” இல்லை என்று தலையாட்டுவேன். நாலைந்து தடவை கேட்டார். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார். கேட்டபோது இருந்ததைவிட, கேட்காமல் என்னைத் தாண்டிப் போவதுதான் தாங்க முடியவில்லை.

போன சந்தையன்று எதிரே வந்தார். கயிற்றுக்கடை பக்கத்தில்தான் இருந்தது. நான் அதற்குப் பின்னால் போகவில்லை.

“எழுதிக்கினு கீறேங்க்கா” என்றேன். “வாயால சொல்ல வரல. எழுதி அவராண்ட குடுத்துடறேன்.”

அந்த அம்மா கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னா எழுதன, எப்டி எழுதனன்னு எனக்கு எப்டித் தெரியும்? எனக்குப் படிக்க வராது. மொதல்ல எங்க வூட்டாண்ட வந்து படிச்சிக் காட்டு. நாலு பேரு இருக்க சொல்ல வா. சத்தமாப் படி.”

எழுதினது இதுதான். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, காலனியில் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். மகளிடம் கேட்டு அந்தச் சாய்சதுரத்தையும் பட்டத்தையும் வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். என் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் இதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். “இருக்கும்ண்ணா” என்கிற இடத்தில் குரல் எழும்பவில்லை. திரும்ப முதலிலிருந்து படித்தேன்.